இலைக் கதிர்க்குருவிகளை இனம் காண்பது எப்படி

செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, தமிழ்நாட்டில் தழைத்த மரம் ஒன்றின் கீழ் கால் மணி நேரம் நின்றால், இலைகளுக்கிடையே ஓயாமல் தாவிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பறவை கண்ணில் படும். முதுகு பச்சையா பழுப்பா என்று தெளிவாகத் தெரியாது. வயிறு வெண்மையா வெளிர் மஞ்சளா என்று முடிவு செய்வதற்குள் அது அடுத்த கிளைக்குப் போய்விடும். பறவை பார்க்கத் தொடங்கியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கையை விரித்துவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. முறையாகப் பழகினால் இரண்டு மூன்று குளிர்காலங்களுக்குள் நம் பகுதிக்கு வருபவற்றில் பெரும்பாலானவற்றை நம்பிக்கையோடு பெயர் சொல்ல முடியும்.

இந்தப் பறவைகள் ஃபில்லோஸ்கோபஸ் என்னும் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியைச் சேர்ந்தவை. கிரேக்க மொழியில் அதற்கு 'இலைகளை ஆராய்வது' என்று பொருள். இன்றைய வகைப்பாட்டின்படி இதில் ஏறத்தாழ 80 இனங்கள் உள்ளன. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் இவை பரவியுள்ளன; ஓர் இனம் பெரிங் கடலைத் தாண்டி அலாஸ்காவிலும் கூடு கட்டுகிறது. அளவிலும் நிறத்திலும் ஒன்றையொன்று இவ்வளவு ஒத்திருக்கும் இத்தனை இனங்கள் ஒரே பேரினத்தில் இருப்பது அரிது. பெரும்பாலானவை பத்து சென்டிமீட்டரை ஒட்டிய நீளமும் பத்து கிராமுக்குக் குறைந்த எடையும் உடையவை.

நான் இங்கே சொல்லப்போகும் முறையின் அடிப்படை ஒன்றுதான்: கண்ணுக்கு முன் காதைப் பழக்க வேண்டும். இது என் சொந்த விருப்பம் மட்டும் அன்று. இந்தப் பேரினத்தை அறிவியல் பிரித்தறிந்த வரலாறே பெரும்பாலும் காதின் வரலாறு. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த கில்பர்ட் வைட், தம் ஊரில் ஒரே பறவையாகக் கருதப்பட்டு வந்தவற்றில் மூன்று தனித்தனி இனங்கள் இருப்பதை 1768இல் எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். மூன்றும் எப்போதும் மாறாமல் வெவ்வேறு குரல்களை எழுப்புகின்றன என்பதே அவர் முதலில் எடுத்துக்காட்டிய சான்று. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் கொடுத்திருந்த ஒரே பெயருக்குள் அந்த மூன்றும் அடங்கிக் கிடந்தன. இன்றைய இருநோக்கிகளும் ஒலிப்பதிவும் இல்லாத காலத்தில், தோட்டத்தில் நின்று கவனித்துக் கேட்டே ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் பெரிய ஊக்கம்.

முதலில் பேரினத்தை உறுதி செய்தல்

தமிழில் 'கதிர்க்குருவி' என்ற பெயரைப் பல பறவைகளுக்கு வழங்குகிறோம். வயல் வரப்பில் நீண்ட வாலை உயர்த்திக் கத்தும் சாம்பல் கதிர்க்குருவியும், புதருக்குள் மறைந்து 'செக், செக்' என்னும் பிளித் நாணல் கதிர்க்குருவியும், நாம் பேசும் இலைக் கதிர்க்குருவியும் பெயரளவில் உறவினர் போலத் தோன்றும். ஒரு காலத்தில் அறிவியலும் இவற்றையெல்லாம் சில்வியிடே என்ற ஒரே பெருங்குடும்பத்தில்தான் வைத்திருந்தது. மரபணு ஆய்வுகளைக் கொண்டு பேர் ஆல்ஸ்ட்ரோம் என்ற பறவையியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2006இல் அந்தக் குடும்பத்தைப் பிரித்தமைத்தபோது, இலைக் கதிர்க்குருவிகளுக்கு ஃபில்லோஸ்கோபிடே என்ற தனிக் குடும்பம் கிடைத்தது. நாணல் கதிர்க்குருவிகள் ஒரு குடும்பத்துக்கும், சாம்பல் கதிர்க்குருவியும் தையல்சிட்டும் இன்னொரு குடும்பத்துக்கும் போயின. ஆகவே பெயரில் உள்ள ஒற்றுமையை நம்பாமல், எதிரில் இருப்பது இலைக் கதிர்க்குருவிதானா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதற்குப் புருவக்கோடுதான் முதல் அடையாளம். கண்ணுக்கு மேலே, அலகின் அடியிலிருந்து பின்னந்தலை நோக்கி ஓடும் வெளிர்நிறக் கோடும், அதற்குக் கீழே கண்ணின் ஊடாகச் செல்லும் கருநிறக் கோடும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து நடத்தையைப் பாருங்கள்: இலையின் அடிப்புறத்தை எட்டிப் பார்த்து, பூச்சியைக் கொத்தி, நொடிக்கொரு முறை இறக்கை நுனிகளை வெட்டி அசைத்துக்கொண்டே நகரும். வால் நடுத்தர நீளமாக இருக்கும். தையல்சிட்டைப் போல முதுகுக்கு மேல் நிமிர்ந்து நிற்காது. வெள்ளைக்கண்ணியின் கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை வளையம் உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், தவிர அது கூட்டமாகவே திரியும்.

பெண் மாம்பழச்சிட்டிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நான் பறவை பார்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்த உடலும் இறக்கையில் இரண்டு வெண்பட்டைகளும் கொண்ட ஒரு பறவையைப் பார்த்து, அரிய இலைக் கதிர்க்குருவி ஒன்று வந்துவிட்டதாக ஒரு வாரம் குறிப்பெழுதி வந்தேன். எட்டாம் நாள் அது முகத்தை நேராகத் திருப்பியபோதுதான் புருவக்கோடே இல்லை என்பதையும், அலகு தடித்து நீண்டிருப்பதையும் கண்டேன். இறக்கைப்பட்டையில் தொடங்கித் தலையைப் பிறகு பார்த்ததால் வந்த பிழை அது. அன்று முதல் தலையைப் பார்க்காமல் இறக்கைக்குப் போவதில்லை.

காதைப் பழக்குதல்

வலசை வந்த காலத்தில் இப்பறவைகள் முழுப்பாட்டைப் பாடுவது குறைவு. ஆனால் அழைப்பொலியை நாள்தோறும் எழுப்புகின்றன. நமக்கு வேண்டியது அந்த அழைப்பொலிதான். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் குளிர்காலம் முழுதும் இவற்றை ஆராய்ந்த மதுசூதன் கட்டி, ட்ரெவர் பிரைஸ் ஆகியோரின் பணிகளிலிருந்து ஒரு முக்கியமான செய்தி தெரியவருகிறது: சமவெளியிலும் மலையடிவாரத்திலும் நாம் அதிகமாகக் காணும் ஃபில்லோஸ்கோபஸ் ட்ரோகிலாய்டீஸ், அதாவது பறவை பார்ப்போர் வழக்கில் கிரீனிஷ் வார்ப்ளர், குளிர்காலத்திலும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அழைப்பொலியால் அதைக் காக்கிறது. இதைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அக்டோபரில் உங்கள் தெருமரத்தில் வந்து தங்கிய பறவையே மாதக்கணக்கில் அங்கே இருக்க வாய்ப்புண்டு. அந்த ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, விடிந்ததும் பத்து நிமிடம், தினமும் போய் நில்லுங்கள். இருநோக்கியை முதல் வாரம் எடுக்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்கப்போவது 'ட்சிஸ்-லீ' என்பது போன்ற கூர்மையான, சட்டென்று முடியும் ஈரசை ஒலி. இரண்டு அசைகளும் ஒட்டிக்கொண்டு ஏறத்தாழ ஒரே அசையாகவே கேட்கும். இந்த ஒலி மனத்தில் படிந்துவிட்டால் மற்றவற்றைப் பிரிப்பதற்கு அதுவே அளவுகோலாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பெரிய அலகு இலைக் கதிர்க்குருவி, அதாவது ஃபில்லோஸ்கோபஸ் மேக்னிராஸ்ட்ரிஸ், 'டிர்... டீ' என்று இரண்டு தெளிவான சுரங்களை எழுப்பும். முதலாவது தாழ்ந்தும் இரண்டாவது உயர்ந்தும் ஒலிக்கும், இடையே சிறு இடைவெளி இருப்பது போலத் தோன்றும். நிழலடர்ந்த காட்டோடை ஓரத்தில் இந்தக் குரலைக் கேட்டுவிட்டால் பறவையைப் பார்க்காமலேயே பெயரை எழுதலாம். பார்த்தும் கேட்காமல் எழுதுவதைவிட அது உறுதியானது. காக்கசஸ் பகுதியில் கூடு கட்டி நம் மலைகளுக்கும் இலங்கைக்கும் வரும் ஃபில்லோஸ்கோபஸ் நிட்டிடஸின் ஒலி ட்ரோகிலாய்டீஸின் ஒலியை ஒத்ததே. ஆனால் நடுவே இன்னோர் அசை புகுந்து 'சி-ரு-வீ' என மூன்றாக விரியும்.

எழுத்தில் எழுதிய ஒலியை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொருவர் காதுக்கும் ஒவ்வொரு மாதிரி எழுத வரும். ஒலிப்பதிவுகளைக் கேட்டு, பிறகு வெளியே போய்க் கேட்டு, திரும்பி வந்து மீண்டும் கேட்டு, உங்கள் சொந்த எழுத்தில் குறித்துக்கொள்வதே பலன் தரும். கைப்பேசியில் நீங்களே பதிவு செய்த மங்கலான இருபது நொடி ஒலிகூடப் பின்னாளில் ஒரு நல்ல படத்தைவிட அதிகம் உதவும். பறவையை அருகே வரவழைப்பதற்காகப் பதிவை ஒலிக்கவிடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். எல்லையைக் காத்துக்கொண்டிருக்கும் பறவை, வராத பகைவனைத் தேடி இரை தேடும் நேரத்தை இழக்கும்.

தலையிலிருந்து வால்வரை பார்த்தல்

காது ஒரு பெயரை முன்மொழிந்த பிறகு கண் அதைச் சரிபார்க்க வேண்டும். எப்போதும் ஒரே வரிசையில் பாருங்கள்: உச்சந்தலை, புருவக்கோடு, அலகு, இறக்கை, வயிறு, கால். பறவை மூன்று நொடிதான் தெரியும் என்று வைத்துக்கொண்டால், உச்சந்தலைக்கும் அலகுக்கும் அந்த மூன்று நொடியைச் செலவிடுங்கள்.

உச்சந்தலையின் நடுவில் வெளிர்நிறப் பட்டை ஒன்று ஓடினால், தென்னிந்தியாவில் அது பெரும்பாலும் ஃபில்லோஸ்கோபஸ் ஆக்சிபிடாலிஸ்தான். மேற்கு இமயமலையில் கூடு கட்டும் இப்பறவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மர உச்சிகளில், வேறு சிறு பறவைகளோடு கலந்து செல்லும் கூட்டங்களில் காணப்படும். உடல் சற்றுப் பெரியது, தலையில் சாம்பல் சாயல் உண்டு, இறக்கையில் இரண்டு பட்டைகள் இருக்கும். உயரத்தில் இருப்பதால் அதன் வயிற்றை மட்டுமே பார்த்துக் கழுத்து வலிப்பதுதான் வழக்கம். வால்பாறை போன்ற இடங்களில் சரிவான சாலையின் மேற்புறம் நின்றுகொண்டு கீழே உள்ள மரத்தின் உச்சியைப் பார்த்தால் தலைப்பட்டை தெளிவாகத் தெரியும்.

அலகைப் பார்க்கும்போது கீழலகின் நிறத்தைக் கவனியுங்கள். ட்ரோகிலாய்டீஸுக்குக் கீழலகு முழுவதும் வெளிறிய மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பாக இருக்கும். மேக்னிராஸ்ட்ரிஸின் அலகு பெரியது, கருத்தது. கீழலகின் அடிப்பகுதி மட்டுமே வெளுத்திருக்கும். அதன் கண்கோடு தடித்துக் கருமையாக இருப்பதால் முகத்துக்கே ஒரு கண்டிப்பான தோற்றம் வந்துவிடும். இறக்கைப்பட்டை ஒன்றும் இல்லாமல், அலகு ஊசிபோல மெலிந்து நீண்டும் வால் குட்டையாகவும் இருந்தால், காஷ்மீரையும் அதை ஒட்டிய மலைகளையும் தாயகமாகக் கொண்டு நீலகிரி வரை இறங்கிவரும் ஃபில்லோஸ்கோபஸ் டைட்லரி என்று ஐயப்படலாம். அது எளிதில் காணக்கிடைக்காத பறவை. ஆகவே ஒருமுறைக்கு இருமுறை பார்த்த பின்பே எழுதுங்கள். பட்டையே இல்லாமல் புருவமும் வயிறும் நல்ல மஞ்சளாக இருந்து, உதகை, கொடைக்கானல் போன்ற உயர்ந்த இடங்களின் புதர்களில் தாழ்வாகத் திரிந்தால் அது ஃபில்லோஸ்கோபஸ் அஃபினிஸ்.

இறக்கைப்பட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமான பிழைகள் அங்கேதான் நேர்கின்றன. இறக்கைப்பட்டை என்பது மேலிறகுகளின் நுனியில் உள்ள வெளிர்நிறம் ஒரு வரிசையாகத் தெரிவதுதான். இறகின் நுனி இலைகளிலும் கிளைகளிலும் உராய்ந்து தேய்ந்தால் பட்டையும் தேயும். நான் தொடர்ந்து பார்த்துவந்த ஒரு பறவைக்கு நவம்பரில் தெளிவான ஒரு பட்டை இருந்தது. பிப்ரவரியில் இடப்பக்கத்தில் மூன்று புள்ளிகளாகவும் வலப்பக்கத்தில் வெறும் மங்கலான நிழலாகவும் குறைந்துபோயிருந்தது. குரலும் இடமும் மாறவில்லை என்பதால்தான் அதே பறவை என்று கருதினேன். ஆகையால் பட்டை இருப்பது சான்று. பட்டை இல்லாதது சான்று ஆகாது.

நிட்டிடஸையும் ட்ரோகிலாய்டீஸையும் கண்ணால் பிரிப்பது கடினம். நிட்டிடஸின் முதுகு பளிச்சென்ற பச்சை, முகத்திலும் தொண்டையிலும் மஞ்சள் படர்ந்திருக்கும். ஆனால் இலைகளின் ஊடாக வரும் ஒளி எந்த வெண்மையையும் பச்சை மஞ்சளாக்கிவிடும். நிழலில் பார்த்த நிறத்தை நம்ப வேண்டாம். மூன்றசை ஒலியைக் கேட்கும்வரை காத்திருங்கள்.

வகைப்பாடு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

பழைய கையேட்டையும் புதிய பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு எரிச்சல் வரும். இருந்த இனம் இரண்டாகியிருக்கும், இருந்த பேரினம் மறைந்திருக்கும். இதைப் புரிந்துகொண்டால் குறிப்பெழுதுவது எளிதாகும்.

இந்தப் பேரினப் பெயரை 1826இல் ஃபிரீட்ரிக் போயே வழங்கினார். நம் நாட்டுக்கு வரும் இனங்களில் பல அடுத்த சில பத்தாண்டுகளில் பெயர் பெற்றன. 1837இல் சுண்டேவால், கல்கத்தாவில் கிடைத்த பறவையைக் கொண்டு ட்ரோகிலாய்டீஸை விவரித்தார். அதே நகரில் ஏசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகத்தைப் பேணிவந்த எட்வர்ட் பிளித், 1843இல் நிட்டிடஸுக்கும் மேக்னிராஸ்ட்ரிஸுக்கும் 1845இல் ஆக்சிபிடாலிஸுக்கும் பெயரிட்டார். பாடம் செய்த தோல்களை மேசைமேல் வரிசையாக வைத்து அலகையும் இறகையும் ஒப்பிடுவதே அக்காலத்தின் முக்கிய முறை. மேக்னிராஸ்ட்ரிஸ் என்ற பெயருக்கே 'பெரிய அலகுடையது' என்றுதான் பொருள். தோல் பாடாது, அதனால் குரலால் மட்டும் வேறுபட்ட இனங்கள் தோல்வரிசைக்குள் நெடுங்காலம் ஒளிந்துகிடந்தன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் வேப்பமரத்துக்கு வரும் ட்ரோகிலாய்டீஸ்தான். இது திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையம் போலப் பரவியுள்ளது. இமயமலையிலிருந்து மேற்கே புறப்பட்டு மத்திய ஆசிய மலைகள் வழியாக மேற்கு சைபீரியாவுக்குச் செல்லும் கை ஒன்று; கிழக்கே புறப்பட்டுச் சீனா வழியாகக் கிழக்கு சைபீரியாவுக்குச் செல்லும் கை மற்றொன்று. கையோடு கையாக நடந்து சென்றால் அடுத்தடுத்த கூட்டங்களுக்கிடையே சிறுசிறு வேறுபாடுகளே தெரியும். ஆனால் இரு கைகளும் மீண்டும் சந்திக்கும் மத்திய சைபீரியாவில் அவை இரு வேறு இனங்களைப் போல நடந்துகொள்கின்றன. 1938இல் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் இந்த வளையத்தைத் தோல்களின் ஒப்பீட்டால் சுட்டிக்காட்டினார். 2001இல் டேரன் இர்வினும் சக ஆய்வாளர்களும் பாட்டையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்தபோது காரணம் தெளிவானது: வடக்கே போகப் போக இரு கைகளிலும் பாட்டு நீண்டு சிக்கலாகிறது, ஆனால் வெவ்வேறு விதமாகச் சிக்கலாகிறது. அதனால் சந்திக்குமிடத்தில் ஒன்றின் பாட்டை மற்றொன்று தன்னுடையதாக ஏற்பதில்லை. வளையம் எக்காலத்திலும் அறுபடாமல் இருக்கவில்லை, இடையில் பிரிந்திருந்த காலங்களும் உண்டு என்பதை 2014இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு காட்டியது. கிழக்குக் கையின் வடமுனையில் வாழும் பிளம்பெய்டார்சஸைப் பல பட்டியல்கள் தனி இனமாகவே வைத்துள்ளன. காக்கசஸ் நிட்டிடஸும் ஒரு காலத்தில் ட்ரோகிலாய்டீஸின் துணையினமாக எண்ணப்பட்டதுதான். ஓரிடத்தில் கோடு போட்டு 'இதுவரை ஓரினம்' என்று சொல்லவேண்டிய கட்டாயம் பட்டியலிடுபவருக்கு இருக்கிறது. பறவைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பேரினத்தின் எல்லையும் இப்படியே மாறியது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் கொண்ட சில இமயமலைப் பறவைகளை செய்செர்கஸ் என்ற தனிப் பேரினமாக வைத்திருந்தனர். ஓரினமாகக் கருதப்பட்ட அவற்றில் ஒன்று, 1999இல் பாட்டையும் வாழும் உயரத்தையும் பிற சான்றுகளையும் கொண்டு பல இனங்களாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் மரபணு மரம் வரைந்தபோது செய்செர்கஸ் பறவைகள் தனிக் கிளையாக நிற்காமல் ஃபில்லோஸ்கோபஸின் கிளைகளுக்கு நடுவே கலந்து நின்றன. ஒரு பேரினம் என்றால் பொது மூதாதை ஒன்றின் வழித்தோன்றல்கள் அனைத்தும் அதில் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. எனவே பழைய பேரினத்தைப் பல துண்டுகளாக உடைப்பது, இல்லையேல் இரண்டையும் ஒன்றாக்குவது என்ற இரு வழிகளே இருந்தன. 2018இல் ஆல்ஸ்ட்ரோம் குழுவினர் ஒன்றாக்கும்படி பரிந்துரைத்தனர். பட்டியல்கள் அதை ஏற்றன. என் கருத்தில் அது நல்ல முடிவு. களத்தில் ஒன்றாகத் தெரிபவை ஏட்டிலும் ஒன்றாக நிற்கின்றன.

புதிய இனங்களும் வந்தவண்ணம் உள்ளன. லாவோஸ், வியட்நாம் ஆகிய நாடுகளின் சுண்ணாம்புப் பாறைக் காடுகளிலிருந்து ஒன்று 2010இல் விவரிக்கப்பட்டது. ஆர்க்டிக் இலைக் கதிர்க்குருவி என ஒன்றாக இருந்தது, பாட்டிலும் மரபணுவிலும் உள்ள வேறுபாட்டால் 2011க்குப் பின் மூன்றாக எண்ணப்படுகிறது. அந்த மூன்றையும் இறகால் பிரிப்பது மிகவும் கடினம். 2020இல் இந்தோனேசியாவின் பெலெங் தீவிலிருந்து வந்த இனத்துக்கு 'சுவாராமெர்து' என்று பெயரிட்டார்கள். இந்தோனேசிய மொழியில் 'இனிய குரல்' என்று பொருள். அதிலுள்ள இரு சொற்களும் வடமொழியிலிருந்து அங்கே சென்றவை. நாம் சுவரம் என்றும் மிருது என்றும் சொல்லும் அதே சொற்கள்தாம்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

வகைப்பாடு மாறினாலும் பயன்படக்கூடிய குறிப்புத்தான் நல்ல குறிப்பு. வெறும் பெயரை எழுதினால் அந்தப் பெயர் நாளை இரண்டாகும்போது உங்கள் பதிவு எதற்கும் உதவாது. தேதி, இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், மரத்தின் வகை, பறவை இருந்த உயரம் ஆகியவற்றோடு, கேட்ட ஒலியை உங்கள் எழுத்தில் எழுதுங்கள். பார்த்த அடையாளத்தையும் பார்க்க முடியாததையும் தனித்தனியாகக் குறியுங்கள். 'கீழலகு தெரியவில்லை' என்பதும் பயனுள்ள தகவல். முடிவு செய்ய முடியாதபோது 'ஃபில்லோஸ்கோபஸ், இனம் தெளிவில்லை' என்று எழுதி நிறுத்திக்கொள்ளத் தயங்காதீர்கள். இணையப் பட்டியல்களிலும் அவ்வாறு பேரின அளவில் பதிவிட இடம் உண்டு. பல ஆண்டுகள் பழகியவர்களின் பட்டியல்களிலும் இப்படிப்பட்ட வரிகள் நிறைய இருக்கும்.

பெயரைத் தமிழில் எழுதும்போது அறிவியல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பேரினத்து இனங்களுக்கான தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. பச்சைக் கதிர்க்குருவி என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறு பறவையாகப் படிக்க வாய்ப்புண்டு.

ஏப்ரல் மாதத்து இரண்டு மூன்று வாரங்களை இதற்கென ஒதுக்கிவையுங்கள். வடக்கே புறப்படும் முன் இப்பறவைகள் அவ்வப்போது முழுப்பாட்டையே பாடிப் பார்க்கும். குளிர்காலம் முழுதும் 'ட்சிஸ்-லீ' என்று மட்டும் சொல்லிவந்த பறவை, வெயில் ஏறுவதற்கு முன் வேப்பங்கொழுந்துகளுக்கு நடுவே துள்ளலான, வேகமான ஒரு தொடரைத் திடீரென அவிழ்த்துவிடும். மேக்னிராஸ்ட்ரிஸோ படிப்படியாக இறங்கும் ஐந்து சீழ்க்கைச் சுரங்களைப் பாடும். ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். பதிவுக் கருவியோடு அதிகாலையில் போய் நில்லுங்கள். மே முதல் வாரத்துக்குள் மரம் அமைதியாகிவிடும்.